கொடிகாமத்துக்கு வராத இனிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இனிப்புகளை அவை செய்யப்படும் பொருளை வைத்தோ பக்குவத்தை வைத்தோ வகைப்படுத்துவதே வழக்கம் என்றாலும், பயணத்தோடு அவற்றுக்கு உள்ள உறவை வைத்து இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது கொடிகாமம் போன்ற ஓர் ஊரின் அனுபவத்துக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது: ஒன்று, கட்டிக்கொண்டு போகக்கூடிய இனிப்பு, மற்றது, இருந்த இடத்திலேயே தின்று முடிக்க வேண்டிய இனிப்பு. பனையின் இனிப்பான பதநீரைக் காய்ச்சிச் சிறு ஓலைப் பெட்டிகளில் வார்த்தெடுக்கும் பனங்கட்டி, பனம்பழக் களியைப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்துத் தோல்போல உரித்தெடுக்கும் பினாட்டு, வறுத்த பயற்றம் மாவைப் பாகில் பிடித்துச் சுட்டெடுக்கும் பயத்தம் பணியாரம், எள்ளுப்பாகு, அரியதரம் ஆகிய எல்லாமே முதல் வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பல, கொழும்பில் வேலை பார்த்த மகனுக்கும் பிற்காலத்தில் கனடாவில் இருந்த மகளுக்கும் பொதிசெய்து அனுப்பப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. இரண்டாம் வகையில் ஆடிக்கூழையும் சேர்க்கலாம்தான். ஆனால் கூழ் வீட்டுக்கு வீடு காய்ச்சப்பட்டதால் அதற்காக எவரும் பஸ் ஏறவில்லை. பஸ் ஏறிப் போய்த் தின்ன வேண்டியிருந்த ஒரே இனிப்பு ஐஸ்கிறீம்.

கொடிகாமம் இந்த வேறுபாட்டைக் கூர்மையாக உணர்த்தும் ஊராக இருப்பதற்கு அதன் இருப்பிடமே காரணம். தென்மராட்சிப் பிரிவில், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில், யாழ்ப்பாண நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள இவ்வூரில், பருத்தித்துறையிலிருந்து வரணி வழியாக வரும் வீதி வந்து சேர்கிறது. புகையிரத நிலையமும் சந்தையும் சந்தியை ஒட்டியே இருக்கின்றன. தென்மராட்சியின் தேங்காயும் பலாப்பழமும் மாம்பழமும் ஒடியலும் வெற்றிலையும் இச்சந்தைக்கு வந்து, இங்கிருந்து பருத்தித்துறை இருக்கும் வடமராட்சிக்கும் நகரத்துக்கும் தெற்குக்கும் போயின. வடமராட்சிக்குப் போனவை பெரும்பாலும் தட்டிவானில் போயின. தட்டிவான் என்பது பழைய லொறி அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் உடல் கட்டி, பக்கங்களைத் திறந்து விட்டு, பின்புறத்தில் சங்கிலியில் தொங்கும் ஒரு பலகைத் தட்டியையும் பொருத்திய வாகனம். ஆட்கள் உள்ளேயும் கடகங்கள் அந்தத் தட்டியிலும் ஏறும், கடகங்கள் குறைந்த நாளில் ஆட்களும் தட்டியில் ஏறுவர். வைகாசி, ஆனி மாதங்களில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வைக்கோலுக்கு நடுவே பெட்டிகளில் அடுக்கப்பட்டுப் புகையிரதத்தில் ஏறும்போது மேடை முழுவதும் மணக்கும் என்பதும், 1956 முதல் ஓடிய யாழ்தேவிப் புகையிரதத்தில் வந்த வெளியூர்ப் பயணிகள் கொடிகாமத்தை அந்த மணத்தை வைத்தே அடையாளம் கண்டனர் என்பதும் ஊரவர் பெருமையோடு சொல்வன. இதில் இரண்டாவது சற்று மிகையாக இருக்கலாம், முதலாவது மிகையல்ல. சுருங்கச் சொன்னால், பிற ஊர்களுக்கு இனிப்பை அனுப்பிவைக்கும் ஊராக இருந்த கொடிகாமம், ஐஸ்கிறீம் என்ற ஒன்றுக்கு மட்டும் தானே புறப்பட்டுப் போக வேண்டியிருந்தது.

இக்கட்டுரையின் நினைவுகளுக்கு உரியவர் அந்தச் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1970களில் வளர்ந்தவர். நினைவுகள் அவருடைய சிறுவயதுக்கே உரியன ஆதலால் அவரைச் சிறுவன் என்றே இங்கு குறிப்பிடுவது வசதியானது. அந்தப் பத்தாண்டின் முற்பகுதி இனிப்புக்கு உகந்த காலமாக இருக்கவில்லை. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நல்ல விலை கண்டு கல்வீடு கட்டினர் என்பது உண்மையே எனினும், சீனியும் மாவும் பங்கீட்டு அட்டைக்குள் அடங்கின. பாணுக்கு விடியற்புறத்தில் வரிசையில் நின்ற கதையை அக்காலத்தவர் எல்லோரும் வைத்திருக்கின்றனர். வீட்டில் தேத்தண்ணியை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடிக்கும் பழக்கம் அப்போது சிக்கனமாக அன்றிச் சாதாரண முறையாகவே இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் பால்மா தகரங்களும் ஜெலிப் பொட்டலங்களும் வேபர் பிஸ்கட்டும் கடைகளில் தாராளமாகத் தோன்றியபோது, நகரத்துக் கூல்பார்களின் கண்ணாடிக் கிளாசுகளும் உயரமாயின. கூல்பார் என்பது யாழ்ப்பாணத்தில் சர்பத், பலூடா, ஐஸ்கிறீம் ஆகியவற்றை விற்கும் கடைக்கு வழங்கும் பெயர். பெயரில் உள்ள பாரை வைத்து அதை மதுக்கடை என்று எண்ணித் தயங்கி நின்ற வெளியூர்க்காரர் உண்டு. சுபாஸ் கபே, லிங்கம் கூல்பார் ஆகிய பெயர்கள் அக்கால யாழ்ப்பாணத்தவரின் பேச்சில் இன்றும் ஒரு தனிக் குரலோடு வருகின்றன.

ஊரில் குளிர்ந்த இனிப்பே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டி, மணியடித்துக்கொண்டு வந்தவரிடம் ஐஸ்பழம் வாங்கலாம்; ஐஸ்பழம் என்பது நிறமும் சீனியும் சேர்த்த தண்ணீரைக் குச்சியோடு உறையவைத்தது, பழத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. அதை முதலில் உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் வாய்க்கு வந்துவிட, கையில் வெறும் வெள்ளைப் பனிக்கட்டி எஞ்சி நிற்கும். அதை ஐஸ்கிறீமின் தம்பி என்று பெரியவர்கள் சொன்னபோது சிறுவன் நம்பியதும், நல்லூரில் உண்மையான அண்ணனைக் கண்டபோது தான் ஏமாற்றப்பட்டிருந்ததை உணர்ந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழா 25 நாள் நடப்பது. 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். ஆடி அமாவாசையை அடுத்துத் தொடங்கி ஆவணி அமாவாசையில் முடியும் இந்நாட்களில் பல குடும்பங்கள் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும் முட்டையும், உண்பதில்லை. கொடிகாமத்திலிருந்து முதல் பஸ்ஸில் புறப்பட்டு, மீசாலை, சாவகச்சேரி, கைதடி, நாவற்குழி என ஒவ்வொன்றாகக் கடந்து, உப்புக்காற்று வீசும் நாவற்குழிப் பாலத்தில் யன்னலோரம் பிடிக்க அண்ணனோடு சண்டையிட்டு, நகரத்தில் இறங்கி நல்லூருக்கு நடந்து போவது சிறுவனின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாய்த்த நீண்ட பயணம். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே போக வேண்டும் என்பதால், மடித்து இடுப்பில் செருகிய சட்டை கசங்கி, வெற்று முதுகில் பிறர் வியர்வை ஒட்டி, வீதியில் பரப்பிய மணல் காலைச் சுட, அங்கப்பிரதட்சணம் செய்வோர் உருண்டு வருகையில் வழி விலகி நின்று, பகல் ஏற ஏறத் தொண்டை வறண்டுபோன பின்னரே, அந்த நாளின் மற்றப் பாதி தொடங்கும். பக்தியையும் ஐஸ்கிறீமையும் ஒரே மூச்சில் பேசுவது முறையன்று எனக் கருதுவோர் இருக்கலாம். ஆனால் நல்லூருக்குப் போய் வந்த எந்தக் கொடிகாமத்துச் சிறுவரிடம் கேட்டாலும் அவர் முதலில் சொன்னது சுவாமியின் அலங்காரமாக இருந்திருக்காது என்பதை அவர்களுடைய தாய்மாரே ஒப்புக்கொண்டிருப்பர்.

கூல்பாரில் உட்கார்ந்ததும் முதலில் எழுந்த பிரச்சினை சாத்திர சம்பந்தமானது. ஐஸ்கிறீமில் முட்டை உண்டா என்று சிறுவனின் பெரியம்மா கேட்டார். இல்லை, பாலும் கஸ்ரட் மாவும்தான் என்று பரிமாறியவர் சொன்னார். கேட்கப்படாத கேள்வி ஜெலியைப் பற்றியது. ஜெலியை இறுகச் செய்யும் ஜெலற்றின் என்ற பொருள் விலங்கின் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கப்படுவது. கடற்பாசியிலிருந்தும் இறுக்கும் பொருள் எடுக்க முடியும், இரண்டும் கண்ணாடிபோல் ஒளிபுகுவனவே ஆதலால் பார்த்து அறிய வழியில்லை. பெரியம்மா பச்சை ஜெலியை எந்த ஐயமும் இன்றி உண்டார். இந்த விவரத்தைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்த அச்சிறுவன், பெரியம்மா உயிரோடு இருந்த வரை அதை வீட்டில் சொல்லவில்லை.

வந்தது ஸ்பெஷல். இச்சொல் யாழ்ப்பாணத்துக் கூல்பார்களில் ஒரு கலைச்சொல் போலவே வழங்குகிறது: ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்களில் ஐஸ்கிறீம் உருண்டைகள், இடையிடையே வெட்டிய ஜெலி, பழத்துண்டு, முந்திரிப் பருப்பு, மேலே சாய்த்துச் செருகிய வேபர், உச்சியில் சிவந்த செறிப் பழம் ஒன்று என எல்லாம் ஒரே கிளாசில் அமைவது. கிளாசின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகப் பூத்து வழிந்து மேசையில் வட்டமாகத் தேங்கியதையும், நீண்ட கரண்டி அடிவரை எட்டியதையும், எட்டும்போது கண்ணாடியில் பட்டு எழுந்த ஓசையையும் சிறுவன் சுவைக்கு முன்னதாகவே கவனித்திருந்தான். முதல் வாய் சுவையாக இருக்கவில்லை. பல் கூசி, நெற்றிப் பொட்டுக்குள் ஓர் ஊசி இறங்கியது போல வலித்தது. இரண்டாவது வாயில்தான் பால், மூன்றாவதில்தான் வனிலா. வேபரை முதலில் தின்பதா கடைசியில் தின்பதா என்பதில் பிள்ளைகளிடையே இரண்டு கட்சிகள் இருந்தன. கடைசிக்கு வைத்தவர்களின் வேபர் நனைந்து துவண்டு போனதைக் கண்டு சிறுவன் முதற் கட்சிக்கு மாறினான், இன்றுவரை அதிலேயே இருக்கிறான். சின்னம்மா, ஸ்பெஷல் வீண் செலவு என்று சொல்லித் தமக்கு வெறும் வனிலா மட்டும் எடுப்பித்துவிட்டு, எல்லோருடைய கிளாசிலிருந்தும் ஒவ்வொரு முந்திரிப் பருப்பாக எடுத்துத் தின்றார். கணக்குப் பார்த்தால் அன்று கூடுதலாக முந்திரிப் பருப்பு உண்டவர் அவரே.

அம்மம்மா அந்தப் பயணத்துக்கு வரவில்லை. முழங்கால் வலி காரணமாக வீட்டோடு இருந்த அவருக்கும் கொஞ்சம் கொண்டுபோக வேண்டும் என்று சிறுவன் பிடித்த பிடிவாதத்தின் விளைவாக, பயணத்துக்கெனத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்த சுடுதண்ணிப் போத்தல் கழுவப்பட்டு, அதன் ஒடுங்கிய வாய்க்குள் இரு நிறத்திலும் ஓர் உருண்டை அளவு ஐஸ்கிறீம் கரண்டிப் பிடியால் தள்ளித் தள்ளி இறக்கப்பட்டது. சுடுதண்ணிப் போத்தல் என்பது இரட்டைக் கண்ணாடிச் சுவருக்கு இடையே காற்றை அகற்றி, வெப்பம் கடக்காமல் தடுக்கும் கலம். சூட்டை வெளியே விடாதது போலவே குளிரையும் காக்கும் என்பது பள்ளிக்கூடத்து விஞ்ஞானம், அதில் பிழையில்லை. ஆயினும் ஐஸ்கிறீம் பனிக்கட்டியைப் போன்றதன்று. தண்ணீரில் கரைந்த சீனி உறைநிலையைத் தாழ்த்துவதால், தூய நீர் உறையும் பூச்சியப் பாகையில் கூட அது கெட்டியாக நிற்பதில்லை. நன்றாக இறுகி நிற்க அதற்கும் மிகவும் கீழே போக வேண்டும். இதனால்தான் மின்னுறைவிப்பான் வருவதற்கு முன் ஐஸ்கிறீம் கடைந்தவர்கள் பாத்திரத்தைச் சுற்றிப் பனிக்கட்டியோடு உப்பையும் கொட்டினர்; உப்புக் கலந்த பனிக்கட்டி பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை வரை குளிரக்கூடியது. மேலும், கடையும்போது உள்ளே அடைபட்ட காற்றே ஐஸ்கிறீமின் மென்மைக்குக் காரணம். ஒருமுறை உருகிவிட்டால் அந்தக் காற்று போய்விடும், பின்னர் எவ்வளவு குளிர வைத்தாலும் பழைய உருவம் திரும்புவதில்லை. ஆவணி வெயிலில், நின்று நின்று ஓடும் பஸ்ஸில், கொடிகாமம் வரை.

குசினியில் போத்தலைக் கவிழ்த்தபோது, இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்து சாம்பலும் மண்ணிறமுமாகிய ஒரு நிறத்தில், தேத்தண்ணி வாசத்தோடு, அரை மூக்குப்பேணி அளவு திரவம் விழுந்தது. மூக்குப்பேணி என்பது வாய் வைக்காமல் ஊற்றிக் குடிக்க ஏதுவாக மூக்கு வைத்த பித்தளைக் குவளை. அம்மம்மா ஒரு துளி நாவில் இட்டுப் பார்த்துவிட்டு, "பால் நல்லாத்தானே கிடக்கு, ஏன் மோனை உதைக் குளிர வைச்சுக் கெடுக்கினம்?" என்று கேட்டார். அடுத்த கணமே முகத்தைச் சுளித்து, சரியான இனிப்பு என்றார். அவர் சொன்னது நாவின் இயல்புக்கு ஒத்ததே: குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணர்வதால், ஐஸ்கிறீம் செய்வோர் குளிரில் இனிக்கும் அளவுக்குச் சீனியைக் கூட்டிப் போடுகின்றனர், அது இளகிச் சாதாரண வெப்பத்துக்கு வந்ததும் மறைந்திருந்த சீனி முழுவதும் வெளிப்பட்டுத் திகட்டுகிறது. பிறகு அவர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேயிலைச் சாயத்தை அதில் ஊற்றி, ஆற்றி, பால் தேத்தண்ணியாகக் குடித்தார். அன்று பனங்கட்டியைக் கடிக்கவில்லை. நல்லூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஐஸ்கிறீம் கொடிகாமத்தில் தேத்தண்ணியாக மாறியது பற்றி வீட்டில் பல ஆண்டுகள் சிரிக்கப்பட்டது என்றாலும், குசினி வாசலில் நின்ற சிறுவன் அன்று சிரிக்கவில்லை.

அதே பருவத்தில்தான் பனம்பழம் விழும். பழத்தைச் சுட்டுப் பிசைந்த களியோடு மாவும் சீனியும் சேர்த்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் பனங்காய்ப் பணியாரம், நல்லூரிலிருந்து திரும்பிய மறுநாள் வீட்டில் சுடப்பட்டது. சிறுவன் அதைத் தொடவில்லை. பின்னாளில் குளிர்நாடு ஒன்றில் ஐஸ்கிறீம் எந்தக் கடையிலும் கிடைக்க, ஒரு பனங்காய்ப் பணியாரத்துக்காக அவர் ஏங்கியதைக் கணக்கில் எடுத்தால், அந்த ஒரு நாளின் மறுப்புக்கு வட்டியோடு செலுத்தியாயிற்று.

1990இன் நடுப்பகுதியில், போரினால், யாழ்தேவி குடாநாட்டுக்கு வருவது நின்றது. தேசிய மின்வலையின் இணைப்பும் அறுந்தது. வசதியான வீடுகளில் இருந்த குளிர்சாதனப் பெட்டிகள் புத்தகமும் உடுப்பும் வைக்கும் அலுமாரிகளாயின. மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய மோட்டார் சைக்கிள்களுக்குப் புறப்பட மட்டும் சில துளி பெற்றோல் காட்டப்பட்ட அந்த ஆண்டுகளில், குளிர்ந்த எதுவும் ஆடம்பரத்தின் எல்லைக்கும் அப்பால் போயிருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, நல்லூரையும் உள்ளடக்கிய வலிகாமத்து மக்கள் போரினால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு வந்து குவிந்தபோது, ஆண்டுதோறும் கொடிகாமத்தார் நல்லூருக்குப் போன அதே வழியில் நல்லூர்க்காரர் கொடிகாமத்துக்கு வந்தனர். பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் மாமரங்களின் கீழும் தங்கினர். கொடிகாமம் அவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்தவை தேங்காயும் பலாவும் கிணற்றுத் தண்ணீருமே. 2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சிக்குள் வந்தபோது, கொடுத்தவர்களும் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. இதற்கு மேல் அந்த ஆண்டுகளை இனிப்பைப் பற்றிய ஒரு கட்டுரைக்குள் அடக்க முயல்வது பொருந்தாது.

2002 ஏப்ரலில், போரினால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி திறந்தபோது வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உறவினரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு முதலில் போன இடங்களில் ஒன்று நல்லூர். கும்பிட்ட கையோடு ஐஸ்கிறீம் கடை. 2009இல் போர் முடிந்த பின்னர் நயினாதீவு விகாரைக்கு யாத்திரை வந்த தென்னிலங்கைப் பயணிகளும் பஸ் பஸ்ஸாக வந்து அதே கடைகளில் இறங்கினர். இன்று கோயிலைச் சுற்றி றியோ, லிங்கன், ராஜா எனப் பெயர் பெற்ற ஐஸ்கிறீம் கடைகள் நிறைந்திருக்க, மாலை வேளையில் சிங்களமும் தமிழும் கனடாத் தமிழும் ஒரே மண்டபத்தில் ஒலிக்கின்றன. கொடிகாமச் சந்தியிலும் இப்போது கொழும்புக் கம்பனிகளின் உறைபெட்டிகள் கடை வாசலில் நிற்கின்றன, ஒரு லீற்றர் பெட்டியை வாங்கி ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பாகுபாடு இதனால் பொய்த்துவிட்டதே என்று கேட்கலாம். ஆனால் கொடிகாமத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வாகனம் பிடித்து நல்லூருக்கு ஐஸ்கிறீம் குடிக்கப் போகும் வழக்கம் மட்டும் குறையவில்லை. யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீம் உண்ணப்படுவதில்லை, குடிக்கப்படுகிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியதற்கு அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு, நரைத்த தலையோடு திரும்பி வந்திருந்த அந்த முன்னாள் சிறுவன் மருத்துவர் விதித்த கட்டுப்பாட்டை அன்று ஒரு நாளுக்குத் தள்ளிவைத்து, ஒரு ஸ்பெஷலுக்குச் சொன்னார். வேபர் முதலில். ஜெலி இப்போது இரண்டு நிறம். முந்திரிப் பருப்புகள் எல்லாம் எஞ்சியிருந்தன. எடுக்க ஒருவரும் எதிரே இல்லை. ஐஸ்கிறீம் தாகத்தைத் தணிப்பதில்லை, உடலுக்குள் சேர்ந்த சீனி தண்ணீரைக் கேட்பதால் அதைக் கூட்டவே செய்கிறது என்பதைச் சிறுவயதில் பஸ்ஸின் கடைசி இருக்கையில் இருந்தபடியே ஒவ்வோர் ஆண்டும் அறிந்திருந்தவர் அவர். அக்காலத்தில் சந்தியில் இறங்கியதும் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள் போகாமல் நேரே கிணற்றடிக்கே ஓடுவர். வற்றாத ஆறுகள் இல்லாத, சுண்ணக்கற் பாறையில் மழைநீர் தங்கி நிற்கும் அக்குடாநாட்டில் ஒரு கிணறு உவராகவும் அடுத்தது குடிக்கத்தக்கதாகவும் இருக்கும். குடிக்கத்தக்கதற்கு நல்ல தண்ணீர் என்று பெயர், அவர்களுடைய கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. இம்முறையும் நாவற்குழி தாண்டுமுன்னரே நா வறண்டது. நகரத்தில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல் மடியில் இருந்தது. மீசாலையில் பக்கத்து இருக்கைக்காரர் ஒருவாய் கேட்க, அவர் போத்தலையே கொடுத்துவிட்டு, கொடிகாமத்தில் இறங்கி, துலா போய் மோட்டர் வந்துவிட்ட கிணற்றின் குழாயைத் திறந்து, வெயிலில் சுட்ட முதல் தண்ணீர் ஓடி முடியும் வரை பொறுத்து நின்று, இரண்டு கையையும் ஏந்தினார்.